தொலைந்த பதிவேடும் மூன்று லட்சம் கற்களும்

கம்போடியாவின் அங்கோர் தோம் கோட்டைக்குள், பாயோன் கோயிலுக்கு வடமேற்கே நிற்கிறது பாபுவோன். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த சிவன் கோயில் இது. கட்டிய விதத்திலேயே கோளாறு இருந்ததால் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சரிந்து, கடைசியில் மரம் முளைத்த கல்மேடாகிவிட்டது. இதைக் காப்பாற்ற ஒரே வழி முழுவதையும் பிரித்து மறுபடி கட்டுவதுதான் என்று 1960இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் முடிவு செய்தார்கள். பிரித்தெடுத்த சுமார் 3 லட்சம் கற்களை எண்ணிட்டுச் சுற்றியிருந்த காட்டில் பரப்பினார்கள். வேலை பாதியில் இருக்கும்போது போர் வந்தது. எந்தக் கல் எந்த இடத்துக்கு உரியது என்று எழுதி வைத்திருந்த பதிவேடுகள் அந்தப் போரில் அழிந்தன.

கற்கள் இருந்தன, கணக்கு இல்லை. 1995இல் வேலை மறுபடி தொடங்கியபோது நிலைமை இதுதான். அங்கிருந்து 16 ஆண்டுகள் கல்தச்சர்களும் வரைவாளர்களும் கட்டடக்கலைஞர்களும் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, அளந்து, அதனதன் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2011 ஜூலையில் கோயில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பழங்கட்டடங்களை மீட்டெடுக்கும் வரலாற்றில் இவ்வளவு நீண்ட, இவ்வளவு சிக்கலான கைவேலை வேறொன்றைச் சொல்வது கடினம்.

மேருவைக் கட்டிய மன்னன்

பாபுவோன் இரண்டாம் உதயாதித்தவர்மன் காலத்துக் கோயில். 1050 முதல் 1066 வரை ஆண்டவன் அவன். அவனுக்கு முன்பு ஆண்ட முதலாம் சூரியவர்மன் தமிழ் வரலாற்றிலும் எட்டிப்பார்ப்பவன். கம்போஜ (கம்போடிய) மன்னன் ஒருவன் நட்பு வேண்டி முதலாம் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அந்த மன்னன் சூரியவர்மன்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் எழுந்து அதிக காலம் ஆகாத நிலையில், கடலுக்கு அப்பால் பாபுவோன் எழுந்தது.

கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர்கள் தலைநகரின் நடுவில் ‘கோயில் மலை’ எழுப்புவது வழக்கம். தேவர்கள் வாழும் மேருவை மண்ணில் நிறுத்துவது அதன் பொருள். படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும் அடுக்குகள், உச்சியில் கருவறைக் கோபுரம், அதற்குள் சிவலிங்கம் என்பது அமைப்பு. பாபுவோனின் அடித்தளம் சுமார் 120 மீட்டருக்கு 100 மீட்டர். இன்று நிற்கும் உயரம் சுமார் 35 மீட்டர். உச்சிக் கோபுரம் இருந்த காலத்தில் 50 மீட்டர் வரை உயர்ந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கிழக்கு வாசலிலிருந்து கோயிலுக்குப் போக, வரிசை வரிசையான குட்டையான உருண்டைத் தூண்கள் தாங்கும் நீண்ட கல்பாதை உண்டு.

1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கியிருந்த சூ தாகுவான், இந்தக் கோயிலைச் செம்புக் கோபுரம் என்று குறித்திருக்கிறார். பாயோனின் தங்கக் கோபுரத்தைவிட இது உயரம் என்றும், பார்க்கப் பிரமிப்பாக இருந்தது என்றும் எழுதினார். கட்டி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அப்போது கோபுரம் நின்றுகொண்டிருந்தது என்பதற்கு அவர் குறிப்பே சான்று.

கோயிலின் இன்னொரு சிறப்பு அதன் கோபுர வாசல்களில் உள்ள சிறு சிறு சதுரப் புடைப்புச் சிற்பங்கள். அங்கோர் வாட்டில் காண்பதுபோல நீண்ட சுவர் முழுக்க ஓடும் போர்க்காட்சிகள் இல்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கதை சொல்லும் முறை இங்கே. அசோகவனத்துச் சீதையை அனுமன் காண்பது, வேடனாக வந்த சிவனோடு அர்ச்சுனன் மல்லுக்கு நிற்பது, கண்ணனின் குழந்தைப் பருவம் எல்லாம் அந்தக் கட்டங்களில் உண்டு. இடையிடையே விலங்குகளும் அன்றாட வாழ்க்கைக் காட்சிகளும் வருகின்றன. கெமர் கலை வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே ‘பாபுவோன் பாணி’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு இதன் சிற்பங்கள் தனித்தன்மை கொண்டவை.

உள்ளே மணல், வெளியே கல்

இத்தனை பெரிய மலை உள்ளுக்குள் மணல்மேடு. மணலைக் கொட்டி இறுக்கி அடுக்கடுக்காக உயர்த்தி, அதன் மேல் மணற்கல் சுவரைப் போர்த்தியிருந்தார்கள். மணலின் அளவோடு ஒப்பிட்டால் அந்தச் சுவர் மெல்லியது. கற்களுக்கு இடையே சுண்ணாம்போ வேறு சாந்தோ கிடையாது. கல்லின் மேல் கல் வைத்த வறட்டுக் கட்டு.

மணல் காய்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. கம்போடியாவில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை கொட்டும். கல் இணைப்புகள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். நனைந்த மணலின் எடை கூடும், பக்கவாட்டு அழுத்தமும் கூடும். சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். பிதுங்கிய இடுக்கு வழியே மணல் கரைந்து ஓடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி மேலடுக்கு கீழே அமரும். அடுத்த மழையில் இதே கதை இன்னும் வேகமாக நடக்கும். அடுக்குகள் செங்குத்தாக உயர்ந்ததும் அழுத்தத்தை அதிகமாக்கியது.

கட்டியவர்களுக்கு இந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். கற்களை ஒன்றோடொன்று பிணைக்க இரும்புப் பட்டைகளைப் பதித்திருந்தார்கள். சில இடங்களில் கல்லுக்குள் பள்ளம் வெட்டி மர உத்தரங்களைச் செருகியிருந்தார்கள். மரம் உளுத்ததும் அதை நம்பி நின்ற கற்கள் விரிசல்விட்டு விழுந்தன. தாங்குவதற்காக வைத்ததே பலவீனமாகிப்போனது.

கோபுரத்துக் கல்லில் படுத்த புத்தர்

கெமர் நாடு தேரவாத பௌத்தத்தைத் தழுவிய பிறகு பாபுவோனும் பௌத்தத் தலமானது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் கோயிலின் மேற்குப் பக்கம் இரண்டாம் அடுக்கில் பிரம்மாண்டமான புத்தர் உருவம் ஒன்றை எழுப்பினார்கள். பரிநிர்வாண நிலையில் சாய்ந்து படுத்திருக்கும் அந்த உருவத்தின் நீளம் சுமார் 70 மீட்டர், உயரம் சுமார் 9 மீட்டர். அதற்கு வேண்டிய கல்லைப் புதிதாக வெட்டவில்லை. உச்சிக் கோபுரத்திலிருந்தும் மற்ற பகுதிகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். வேலை முழுமை பெறவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால்தான் தலையும் தோளும் உடலும் பிடிபடும்.

ஆக, 20ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் முன் நின்றது ஒரு கோயிலின் இடிபாடு மட்டுமல்ல. ஒரு காலத்தின் கோபுரம் இன்னொரு காலத்தின் புத்தராகியிருந்தது. ஒன்றை மீட்டால் மற்றொன்று போய்விடும். இந்தச் சிக்கல் பின்னால் பெரிதாகத் தலைதூக்கியது.

பிரித்து அடுக்கும் கலை

அங்கோர் பகுதி 1907இல் சயாமிடமிருந்து கம்போடியாவுக்குத் திரும்பியது. அப்போது கம்போடியா பிரான்சின் பாதுகாப்பில் இருந்த நாடு. தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி அங்கோரைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றது. புதுச்சேரியில் மையம் வைத்துத் தமிழ், சமஸ்கிருதச் சுவடிகளை ஆராய்ந்துவரும் அதே நிறுவனம்தான் இது. முதல் காப்பாளரான ழான் கொமாய் காலத்திலேயே பாபுவோன் மேலிருந்த காட்டை வெட்டி அகற்றும் வேலை தொடங்கிவிட்டது. மரத்தை அகற்றிய பிறகும் சரிவு நிற்கவில்லை. 1943இல் ஒரு பெரும் பகுதி இடிந்து விழுந்தது. முட்டுக்கொடுப்பதும் ஒட்டுப்போடுவதும் பலன் தராது என்பது தெளிவாயிற்று.

இதற்குள் ஜாவாவில் டச்சுக்காரர்கள் வேறொரு வழியைக் கையாண்டு வெற்றி கண்டிருந்தார்கள். இடிந்த கோயிலின் கற்களைச் சேகரித்து, எது எதோடு பொருந்துகிறது என்று தரையிலேயே அடுக்கிப் பார்த்து, பிறகு அதே இடத்தில் பழைய கற்களைக் கொண்டே எழுப்பும் முறை அது. துறைசார்ந்தவர்கள் அனஸ்டைலோசிஸ் என்கிறார்கள். கிரேக்கத்தில் சாய்ந்துகிடந்த தூண்களை நிமிர்த்தியபோது உருவான முறை இது. ஜாவாவில் பிரம்பானன் வளாகத்தின் பெரிய சிவன் கோயில் இப்படித்தான் மீட்கப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது.

அங்கோரின் காப்பாளராக இருந்த ஆன்றி மார்ஷால் 1930இல் ஜாவா சென்று இந்த முறையைக் கற்றுவந்தார். 1931 முதல் 1936 வரை, 967இல் பிரதிட்டை செய்யப்பட்ட பந்தியாய் ஸ்ரேய் என்ற சிறிய சிவன் கோயிலில் அதைச் செய்து பார்த்தார். செந்நிற மணற்கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய அந்தக் கோயில் இன்று அங்கோர் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம். அந்த அனுபவத்துக்குப் பிறகு அங்கோரில் இதுவே முதன்மை முறையானது.

முறையின் விதிகள் கண்டிப்பானவை. பழைய கல் போதிய அளவு கிடைத்தால்தான் கட்டலாம். ஊகத்தில் எதையும் சேர்க்கக் கூடாது. இல்லாத கல்லுக்குப் புதுக்கல் வைத்தால், அது புதியது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பழங்கட்டடங்களின் பாதுகாப்புக்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனமும் இடிபாடுகளைக் கட்டி எழுப்புவதை ஏற்கவில்லை. கிடக்கும் பழைய உறுப்புகளைச் சேர்த்து நிறுத்துவதற்கு மட்டும் இடம் கொடுத்தது.

காட்டில் பரப்பிய கோயில்

1960இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பெர்னார் ஃபிலிப் குரோலியே பாபுவோனில் கைவைத்தார். நோயின் வேர் உள்ளிருந்த மணல் என்பதால் வைத்தியமும் அங்கேயே தொடங்கியது. மேல் கற்களை வரிசை வரிசையாகக் கழற்ற வேண்டும். மணலைத் தாங்க உள்ளே கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும். பிறகு கற்களைப் பழைய இடத்திலேயே அடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் மணலின் பாரம் கான்கிரீட் மேல் போய்விடும். வெளிச்சுவர் தன்னைத் தானே தாங்கினால் போதும்.

இதே நோய் ஜாவாவின் போரோபுதூரையும் பிடித்திருந்தது. அங்கேயும் உள்ளே மண்மேடு, வெளியே கல், நடுவில் மழைத்தண்ணீர். யுனெஸ்கோ உதவியோடு 1973 முதல் 1983 வரை நடந்த வேலையில் அங்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கற்களைக் கழற்றி, உள்ளே கான்கிரீட் தளமும் வடிகாலும் அமைத்துத் திரும்ப அடுக்கினார்கள். அங்கே பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. அதனால் பத்தாண்டில் வேலை முடிந்தது.

பாபுவோனில் கழற்றிய ஒவ்வொரு கல்லிலும் குறியீடு எழுதினார்கள். அந்தக் கல் எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எத்தனையாவது என்பதை வரைபடத்திலும் பேரேட்டிலும் குறித்தார்கள். பிறகு கற்களைக் கோயிலைச் சுற்றியிருந்த காட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கற்கள் பரவிய இடம் சுமார் 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர். ஒவ்வொரு கல்லும் நூற்றுக்கணக்கான கிலோ எடை கொண்டது. தூக்க இயந்திரம் இருந்தது. ஆனால் கல்லை இணைப்பிலிருந்து சேதமில்லாமல் விடுவிப்பதும், கடப்பாரையால் நெம்பி நகர்த்துவதும், குறி எழுதுவதும் ஆட்கள் கையால் செய்த வேலை.

போர்

1970 மார்ச்சில் கம்போடியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. அடுத்த சில மாதங்களில் அங்கோர் போர்முனை ஆனது. கோயில்கள் ஒரு தரப்பின் கையில், பக்கத்து நகரமான சியெம் ரீப் மறுதரப்பின் கையில். அந்த நிலையிலும் தொழிலாளர்கள் சிறிது காலம் எல்லையைக் கடந்து வேலைக்கு வந்துபோனார்கள். 1972இல் அதுவும் நின்றது. பிரெஞ்சுக் குழு வெளியேறியது. பதிவேடுகள் பாதுகாப்புக்காக நாட்டின் தலைநகரமான நோம்பென்னுக்குப் போயிருந்தன.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கிளர்ச்சிப் படை நோம்பென்னைப் பிடித்தது. நகர மக்கள் அனைவரும் கிராமங்களுக்கு விரட்டப்பட்டார்கள். அலுவலகங்கள் சூறையாடப்பட்டன. பாபுவோனின் வரைபடங்களும் பேரேடுகளும் அதில் அழிந்தன. அடுத்த நான்காண்டுகளில் கம்போடியாவில் பட்டினியாலும் நோயாலும் கொலைகளாலும் இறந்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். அங்கோரில் வேலை பழகிய பலர் அவர்களில் அடக்கம். கல்லின் கணக்கைச் சொல்லும் காகிதமும் போயிற்று, அதை மனத்தில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோரும் போனார்கள்.

காட்டில் கிடந்த கற்கள் மேல் பாசி படர்ந்தது. மழையில் எழுத்துகள் மங்கின. சுற்றிலும் செடியும் மரமும் வளர்ந்தன.

கல்லைப் படித்த விதம்

1991இல் பாரிஸ் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992இல் அங்கோர் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1995இல் பிரான்சின் நிதியோடு பாபுவோன் வேலை மறுபடி தொடங்கியது. பொறுப்பேற்றவர் பாஸ்கால் ருவாயேர் என்ற இளம் கட்டடக்கலைஞர். 1960களில் அங்கோரில் பணியாற்றிய மூத்த கட்டடக்கலைஞர் ழாக் துமார்சே அவருக்கு வழிகாட்டினார். போருக்கு முன்பு வேலை பார்த்து, உயிர் தப்பியிருந்த கம்போடியத் தொழிலாளர்கள் சிலரும் திரும்பி வந்தார்கள். பாரிஸில் இருந்த பழைய புகைப்படத் தொகுப்பு தப்பியிருந்தது. கையில் இருந்த முதல் இவ்வளவுதான்.

உலகத்தின் மிகப் பெரிய ஜிக்சா புதிர் என்று பத்திரிகைகள் இதை எழுதின. ஒரு கோயில் சுவரில் 3 லட்சம் துண்டுகள் என்றால் எங்கேயாவது ஒன்றுபோல இரண்டு இருக்காதா, மாற்றி வைத்தால் என்ன என்று தோன்றலாம். பாபுவோனில் அது நடக்காது. காரணம் கெமர் கல்தச்சர்கள் கட்டிய முறை.

அவர்கள் கல்லைச் செங்கல்போல ஒரே அளவில் வெட்டவில்லை. குன்றிலிருந்து வந்த கல் எந்த அளவில் இருந்ததோ, அந்த அளவிலேயே பயன்படுத்தினார்கள். பக்கத்துக் கல் உயரமாக இருந்தால் இந்தக் கல்லின் விளிம்பில் படிபோல வெட்டி அதில் உட்கார வைத்தார்கள். அடுத்தடுத்த கற்களின் முகங்களை ஒன்றோடொன்று தேய்த்து இடைவெளி தெரியாதபடி பொருத்தினார்கள். இப்படித் தேய்த்துப் பொருத்திய இரண்டு முகங்கள் ஒன்றுக்கொன்று மட்டுமே ஜோடி. வேறு கல்லை அங்கே வைத்தால் கத்தி நுழையும் அளவுக்காவது இடைவெளி விழும். ஒரு வரிசையில் விழும் சிறு பிழை மேலே போகப் போகப் பெருகி, பத்தாவது வரிசையில் கல்லே உட்காராது. அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஓர் இடம்தான்.

இந்தக் கண்டிப்பே கண்டுபிடிக்கவும் உதவியது. சிற்ப வேலையை அவர்கள் கல்லை அடுக்கிய பிறகு சுவரிலேயே செய்தார்கள். ஆகவே கொடி, இதழ் வரிசை, பட்டை எல்லாம் ஒரு கல்லில் தொடங்கி இணைப்பைத் தாண்டி அடுத்த கல்லில் தொடரும். அறுந்த கொடியின் மறுபாதி எங்கே என்று தேடினால் பக்கத்துக் கல் கிடைக்கும்.

ஒரு கல்லைக் கையில் எடுத்தால் படிக்க வேண்டியவை பல. முதலில் அதன் வெளிமுகத்து வளைவு. நம் கோயில் அதிட்டானத்தில் ஜகதி, குமுதம், கண்டம் என்று வரிகள் அடுத்தடுத்து வருவதுபோல, பாபுவோனின் ஒவ்வொரு அடுக்கிலும் வரிகள் குறிப்பிட்ட ஒழுங்கில் வருகின்றன. வளைவைப் பார்த்தால் எந்த வரி என்று தெரியும். எந்த வரி என்று தெரிந்தால் தரையிலிருந்து எந்த உயரத்துக்கு உரியது என்று தெரியும். 3 லட்சம் என்ற தேடல் சில ஆயிரமாகச் சுருங்கும். அடுத்து அளவு. மேல், கீழ், பக்க முகங்களை அளந்து வரைய வேண்டும். அடுத்து வெட்டுத் தடங்கள். இரும்புப் பட்டைக்கான பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது, விளிம்பில் படி வெட்டு உண்டா, தூக்குவதற்குப் போட்ட துளைகள் எங்கே என்று பார்க்க வேண்டும். பட்டைப் பள்ளத்தின் மறுபாதி பக்கத்துக் கல்லில் இருந்தே ஆக வேண்டும். கடைசியாகக் கல்லின் நிறம். வெயிலும் மழையும் பட்ட முகம் கறுத்திருக்கும். சுவருக்குள் மறைந்திருந்த முகம் வெளுத்திருக்கும்.

இப்படிப் படித்து, ஜோடி என்று தோன்றும் கற்களைக் கொண்டுவந்து சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் சரி என்று சொன்னால்தான் அடுத்த கல். பொருந்தவில்லை என்றால் கல் காட்டுக்கே திரும்பும். கல் பொருந்தவில்லையே என்று உளியால் செதுக்கிப் பொருந்தவைப்பது இந்த வேலையில் பெருங்குற்றம். செதுக்கிய அந்த நொடியில் அந்தக் கல்லின் அடையாளம் அழிந்துவிடும். அதோடு உண்மையான ஜோடியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் போகும்.

கணினியால் இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1990களின் கணினிக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் முதலில் ஒவ்வொரு கல்லின் ஆறு முகங்களையும் அளந்து ஏற்ற வேண்டும். பாதி உடைந்த, பாசி பிடித்த கற்குவியலில் அதற்கே ஆண்டுகள் ஆகும். அளவுகோலும் வரைபடமும் பழகிய கண்ணுமே கடைசிவரை வேலையை நடத்தின. ஆண்டுகள் போகப் போகக் கல்லை அன்றாடம் கையாண்ட கம்போடியத் தொழிலாளர்களுக்குப் பார்த்ததுமே இது இந்தப் பக்கத்துக் கல் என்று சொல்லும் தேர்ச்சி வந்தது. உடைந்தும் தொலைந்தும் போன கற்களுக்குப் பதிலாகப் புதிய மணற்கல்லை வெட்டி வைத்தார்கள். அவற்றில் வடிவம் மட்டும் உண்டு, நுணுக்கமான சிற்பம் இல்லை. கூர்ந்து பார்க்கும் பயணி இன்றும் பழையதையும் புதியதையும் பிரித்தறியலாம்.

புத்தரா, கோபுரமா?

மேற்குப் பக்கத்தை எட்டியதும் பழைய கேள்வி எழுந்தது. படுத்த புத்தரைப் பிரித்தால் உச்சிக் கோபுரத்தின் கற்கள் கிடைக்கும். 11ஆம் நூற்றாண்டுக் கோயில் முழுமையை நெருங்கும். புத்தரை விட்டுவைத்தால் கோபுரம் வராது.

புத்தர் இருக்கட்டும் என்பது முடிவானது. கோயிலுக்கு 11ஆம் நூற்றாண்டு எவ்வளவு உண்மையோ 16ஆம் நூற்றாண்டும் அவ்வளவு உண்மை. கம்போடிய மக்கள் இன்று பௌத்தர்கள். அவர்களுக்கு அது வழிபாட்டு உருவம். ஆகவே புத்தர் உருவத்தையும் அதற்குரிய கற்களைக் கொண்டே சீரமைத்தார்கள். ஒரே கட்டடத்தில் சிவனின் மேருவும் பௌத்தரின் பரிநிர்வாணமும் சேர்ந்து நிற்கின்றன. உச்சியில் கோபுரம் இல்லை. மீட்பு என்றால் முதல் நாளுக்குத் திரும்புவது என்று நினைப்பவர்களுக்கு இது குறையாகப் படலாம். கட்டடம் வாழ்ந்த காலம் முழுவதையும் மதிப்பவர்கள் இதையே சரி என்பார்கள்.

திறப்பும் பிறகும்

2011 ஜூலை 3 அன்று கம்போடிய மன்னர் நொரோதோம் சிஹாமொனியும் பிரெஞ்சுப் பிரதமர் ஃபிரான்சுவா ஃபியோனும் கலந்துகொண்ட விழாவில் கோயில் திறக்கப்பட்டது. 1995க்குப் பிந்தைய கட்டத்துக்கு ஆன செலவு சுமார் ஒரு கோடி யூரோ. முதல் கல்லைக் கழற்றியதிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டு. இன்று பயணிகள் மரப்படிகளில் ஏறி மேலடுக்குவரை போகலாம். படிகள் செங்குத்தானவை, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. ருவாயேர் 2014இல் காலமானார்.

இந்த முறைக்கு விமர்சனமும் உண்டு. உள்ளே புதைத்த கான்கிரீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பழங்கால மணல்மேடு என்ற அமைப்பே மாறிவிட்டது. அங்கோரில் பிறகு வந்த குழுக்கள் பல, உள்ளிருக்கும் மண்ணையே வலுப்படுத்தித் திரும்ப இடும் வழிகளையும் தேடின. அருகிலுள்ள தா ப்ரோம் கோயிலில் 2000களின் தொடக்கத்திலிருந்து வேலை செய்யும் இந்தியத் தொல்லியல் துறைக்கு இன்னொரு விதமான சோதனை. அங்கே கல்லைப் பிளக்கும் மரவேர்களே கோயிலின் அடையாளமாகிவிட்டன. மரத்தையும் காக்க வேண்டும், சுவரையும் காக்க வேண்டும். அந்தப் பணியில் சென்னை ஐஐடியின் பொறியாளர்களும் ஆய்வு உதவி செய்தார்கள். ஒரே முறை எல்லாக் கோயிலுக்கும் பொருந்தாது என்பதற்கு இந்த இரண்டு கோயில்களும் எடுத்துக்காட்டு.

பாபுவோன் விட்டுச்சென்ற பாடங்கள் இரண்டு. இடிந்த கட்டடத்தைப் பிரிக்கும் முன் எழுதும் பதிவேடு கல்லுக்குச் சமமான சொத்து. அதன் படியை வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் வைக்க வேண்டும். பாரிஸில் இருந்த புகைப்படங்கள் தப்பியதும் நோம்பென்னில் இருந்த பேரேடுகள் அழிந்ததும் இதற்குப் போதுமான சாட்சி. இரண்டாவது, உள்ளூர்த் தொழிலாளர்களிடம் சேரும் பயிற்சி. வெளிநாட்டு வல்லுநர்கள் வந்துபோவார்கள். கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால் வேலை தொடரும். பாபுவோன் முடிந்த மறு ஆண்டே, 2012இல், அதே உதயாதித்தவர்மன் காலத்துக் கோயிலான மேற்கு மெபோனின் சீரமைப்பு தொடங்கியது. பாபுவோனில் பழகிய கைகள் அங்கே வேலைக்குப் போயின.